ஒன்பது மணிக்காரருக்குக் காட்டிய விரிப்பு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன், நீயாவது அங்கே நிஜமாகவே நலமாக இரு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, வாய் மட்டும் குறையில்லாமல் ஓடுகிறது. நம் சலவைக்கூடத்துக்குத் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கியதை அவள் போனில் சொல்லியிருப்பாள். நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டே வேலை செய்வதால் அதற்கு மருமகள் என்று பேர் வைத்திருக்கிறாள், கல்யாணப் பேச்சுக்கு நீ பிடி கொடுக்காததால் வந்த வினை இது. இயந்திரம் வந்த பிறகு பின்பக்கத் திடலில் துணி காயப்போட நட்டிருந்த கொடிக்கம்பங்களை எல்லாம் பிடுங்கிவிட்டோம். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது, மொட்டையாகக் கிடக்கிறது.

அந்தத் திடலைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைக்கிறேன். தினமும் காலையில் நம் கூரைக்கு மேலே போகுமே பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானம், அதை ஓட்டுகிறவரை முகம் தெரியாமலே ஒன்பது மணிக்காரர் என்று சொல்வோமே, போன மாதம் ஒருநாள் அவர் தனியாக வந்துகொண்டிருந்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. சத்தம் கேட்டு யாரும் நிமிரவில்லை, சத்தம் நின்றதால்தான் நிமிர்ந்தோம். விமானம் தாழ்ந்து நம் பக்கம் திரும்பியது. வேலையாட்கள் எட்டுப் பேரும் திடல் ஓரத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள், எல்லோரையும் உள்ளே விரட்டினேன். ஒரு விரிப்பை உருவிக்கொண்டு திடலின் நடுவுக்கு ஓடி, இங்கே வா, இடம் இருக்கிறது, இறங்கு என்று தலைக்கு மேலே ஆட்டினேன். ஆட்டிவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும் என்பது மண்டையில் ஏறவில்லை, நடுவிலேயே நின்றேன். கிட்டத்தில் வந்தவர் இறக்கையைச் சாய்த்து விலகிப் போய்ப் பக்கத்து உழுத நிலத்தில் இறக்கினார். ஈர மண்ணில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது. நாங்கள்தான் அவரை வெளியே இழுத்தோம். அதே விரிப்பில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இரண்டு நாள் உயிர் இருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி நம் வீடு தேடி வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், ஆளுங்க இருக்காங்கன்னு ஒரு பெரியவரு துணி காட்டினாரு, அதான் திரும்பிட்டேன்னு சொன்னாருங்க. நீங்க காட்டலேன்னா எத்தனை பேரு போயிருப்பாங்க. அந்தப் பழி இல்லாம போனாரே, எனக்கு அது போதும்" என்று அழுதார். வேலையாட்களும் என்னால் பிழைத்தோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும், சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள், "நீங்க எப்பவும் இப்படித்தான், மனசுல ஒண்ணு இருக்கும், கை வேற ஒண்ணு சொல்லும்" என்றாள்.

அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது தம்பி. நாம் சண்டை போட்டு நீ கிளம்பிய அன்று, பஸ் நகர்ந்தபோது போய்ட்டு வா என்றுதான் சொல்ல வந்தேன். போ என்பதோடு வார்த்தை நின்றுவிட்டது, மீதியைக் கையால் ஆட்டினேன். நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டாய். நாலு வருஷம் ஆகிறது, போனில் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மாவின் முழங்காலுக்கு நீ சொன்ன தைலத்தின் பெயரை மறக்காமல் எழுதி அனுப்பு. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும், தனியாக முடியவில்லை. நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். இனி என் கையை நம்புவதாக இல்லை, அதனால் எழுத்திலேயே எழுதுகிறேன். வா.

உன் அப்பா