மறுசோறு

எரியோடு,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் தேவதர்ஷினி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் எதுவும் சொல்ல முடியவில்லை. விடுமுறை முடிந்து நாளை மஸ்கட் திரும்பும் ஜெரோம் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாதக் கடைசியில் அங்கே வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்களே, அதற்கு முன் படித்துவிடுங்கள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில் விடுதியில் பெண்களுக்கு மதியச் சாப்பாடு போடும் ஒப்பந்தத்தைக் கேட்டிருக்கிறோம். புது ஓட்டல் வந்தபிறகு நம் மெஸ்ஸில் பாதிக் கூட்டம்தான். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் மெஸ்ஸை மூடிவிட்டுத் தானே மில் வேலைக்குப் போய்விடுவதாக அம்மா சொல்லிவிட்டார். போட்டியில் திண்டுக்கல் கேட்டரிங் கம்பெனி ஒன்றும் இருக்கிறது.

அதனால் மகளிர் குழு மூலம் நான்சி மேடத்தை அழைத்தோம். சிறு தொழில் செய்பவர்களைப் பெரிய இடங்களில் ஒப்பந்தம் கேட்கத் தயார்செய்வதுதான் அவர் தொழில். வந்ததும், ஓர் ஆளுக்கு எத்தனை கிராம் சோறு என்று கேட்டார். “வயித்தப் பாத்துப் போடுவோம் மேடம்” என்றார் அம்மா. மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் தராசோடு வந்தார்.

பேசவும் பழக்கினார். ஒத்திகையில் நான்தான் மில் மேனேஜர். அம்மா என்னையே “சார்” என்று கூப்பிட்டுத் திணறினார். உலை வைத்துக்கொண்டிருந்த ஜக்கம்மா அக்கா, “ஏன்க்கா, பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி நிக்கிற மாதிரி தரையவே பாக்குறீக?” என்று கேலி செய்ததில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு பேச்சு சரளமாக வந்தது. மேடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: எல்லோரும் ஒருமுறை வாங்கிய பிறகுதான் மறுசோறு.

போன சனிக்கிழமை மில்லில் மாதிரிச் சாப்பாடு போட்டோம். அம்மா நன்றாகப் பேசினார். மேனேஜர் முதல் கவளத்திலேயே தலையாட்டினார். பிறகு விடுதிப் பெண்கள் தட்டோடு வந்தார்கள். வரிசையின் முதலில் வடக்கிலிருந்து வந்த ஒல்லியான பிள்ளை ஒன்று. அதற்குத் தமிழில் கேட்கத் தெரியவில்லை. நம் மெஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும், சாப்பிட உட்கார்ந்தவர் வாய்விட்டுக் கேட்கும்படி அம்மா ஒருநாளும் விட்டதில்லை. அளவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மறுசோற்றையும் அப்போதே கையால் அள்ளி வைத்தார். அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. மேடம் தூரத்திலிருந்து சைகை காட்டியதை நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை.

கடைசிப் பந்தி மிஷினிலிருந்து நேராக வந்தது, தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சோற்றுப் பாத்திரம் காலி. ஜக்கம்மா அக்கா ஓடி உலை வைத்தார், ஆனால் வேகும் முன்பே ஷிப்ட் மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்கள் பன்னும் டீயுமாக வேலைக்குத் திரும்பினார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை அப்பா. திட்டியிருந்தால் தேவலை.

பஸ்ஸில் மேடம், “மாயம்மாக்கா, முதப் பிள்ளைக்கு நீங்க அள்ளிப் போட்டது கடைசிப் பிள்ளையோட சோறு” என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

ஆனாலும் மேடம் விடவில்லை. திங்கட்கிழமை அம்மாவை மேனேஜரிடம் அழைத்துப்போய், பழகிய பேச்சையெல்லாம் விட்டுவிட்டு நடந்ததை அப்படியே சொல்ல வைத்தார். மேனேஜர், “ருசியில கொறையில்லம்மா. பசியோட பிள்ளைக மிஷின்ல நின்னா கையில அடிபடும். பரிமாறப் பொறுப்பான ஒரு ஆளக் கூட்டிட்டு அடுத்த மாசம் முத வாரம் இன்னொருக்கா போடுங்க. அதுலயும் கொறஞ்சா கம்பெனிக்காரவுகளுக்குத்தான்” என்றாராம்.

யாரை நிறுத்துவது? ஜக்கம்மா அக்கா, “எனக்கும் கை நிக்காது மேடம், நான் அக்காகிட்டப் பழகுனவ” என்று கையை விரித்துவிட்டார்.

ஜெரோம் மாமா உங்கள் கேம்ப் மெஸ்ஸைப் பற்றிச் சொன்னார். “ஒங்கப்பன் கரண்டியப் பிடிச்சா மொதல்ல வாரவன் வைவான், கடைசியில வாரவன் கும்பிடுவான்.” இதை அம்மாவிடம் சொல்லி, அப்பாவைக் கூப்பிடலாமா என்றேன். “அவுக பாட்டுக்கு இருக்கட்டும். நீ படிக்கிற வேலையப் பாரு” என்றார். ஆனால் மாமா நம் வீட்டிலிருந்து கிளம்பும்போது, “அவுக கையெழுத்துப் போட்டாச்சாமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் உள்ளே போய்விட்டார். பரிமாறும் ஆளின் பெயரை மேடம் தினமும் போனில் கேட்கிறார். “செத்தப் பொறுங்க மேடம்” என்றே அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் மஸ்கட் போவதற்கு முன் இந்த மறுசோற்றுக்காகத்தான் இரண்டு பேரும் பேசாமல் இருந்தீர்கள். நான் பாடம் படிப்பதுபோல் இருந்தேன், ஆனால் எல்லாம் கேட்டது. மேடம் இப்போது சொல்வதையே நீங்கள் அன்று சொன்னதும் நினைவிருக்கிறது. அம்மாவுக்கும் நினைவிருக்கும்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள் அப்பா. நான் எழுதியதாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நீங்களாக வந்ததாகவே இருக்கட்டும். வந்தபிறகு, “நான் அப்பவே சொன்னேன்ல” என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பயணம் நல்லபடியாக அமைய மாதாவிடம் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மகள்
சூ. தேவதர்ஷினி