ஏணிக் கணக்கு

செப்டம்பர் 3, புதன்

மூத்த பேரன் கணக்குத் தணிக்கையாளர் ஆகி இரண்டு வருஷம். அவன் தங்கை பல் டாக்டர், சொந்தமாக நாற்காலி போட்டு கிளினிக்கே வைத்துவிட்டாள். மகள் வயிற்றுப் பேரன் சட்டத்தில் முதல் வகுப்பு. மகனின் கடைக்குட்டி, நாங்கள் மிளகு என்று கூப்பிடுகிறவள், கல்லூரியில் இயற்பியல், இரண்டாம் வருஷம். நான் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் இவர்கள் அத்தனை பேரும் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து ஒப்பித்தபோது, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரியில் விரல் வைத்து, ஒரு எழுத்து விட்டாலும் "மறுபடி முதல்லேர்ந்து" என்றது நான்தான்.

எதிர்வீட்டு டீச்சரிடம் இதை இன்றும் சொன்னேன். "மிளகு எப்படிப் படிக்கிறா?" என்றாள். "விஞ்ஞானி ஆகாம ஓயமாட்டா" என்றேன். சொன்ன வாய் இன்னும் இனிக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

மிளகு சொல்லாமல் கொள்ளாமல் ஹாஸ்டலிலிருந்து வந்து நிற்கிறாள். பையில் துணியைவிடப் புத்தகம் அதிகம். முகம் பேயறைந்தது போல.

செப்டம்பர் 6, சனி

விஷயம் வெளியே வந்துவிட்டது. இயக்கவியல் என்று ஒரு பாடம். பொருள் எப்படி நகரும், எப்படி நகராமல் நிற்கும் என்பதாம். முதல் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. இந்த வீட்டில் காய்ச்சலோடு எழுதினவன்கூட அவ்வளவு கீழே போனதில்லை.

அந்தப் பாடத்தை விட்டுவிட்டு லேசானதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும். ஆனால் விட்டால் இயற்பியல் பட்டம் கிடையாது. பொது அறிவியல் என்றுதான் போடுவார்கள்.

"விட்டுத் தொலை. பெயிலானா மானம் கப்பலேறிடும்" என்கிறான் மகன். மருமகள், "ஆசைப்பட்டுச் சேர்ந்தவ. இப்படி விரட்டாதீங்க" என்கிறாள். எனக்கு முதலில் டீச்சரின் முகம்தான் ஞாபகம் வந்தது. குழந்தை அழுதுகிட்டு இருக்கு, எனக்கு டீச்சர் ஞாபகம். என்ன பொம்பளை நான்?

செப்டம்பர் 7, ஞாயிறு

"படிக்கலையாடி?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல இருக்குற அத்தனை கணக்கும் மனப்பாடம் பாட்டி. எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அப்புறம் ஏன் பதினொன்று? பேராசிரியை கூப்பிட்டுச் சொன்னாளாம்: "நான் கேக்காத கேள்விக்கு ஒரு தப்புகூட இல்லாம பதில் எழுதியிருக்கே."

சுவரில் சாய்ந்த ஏணி. புத்தகத்தில் ஆள் நடுப்படியில் நிற்கிறான். தேர்வில் ஆள் ஏறிக்கொண்டே போகிறான். எந்த இடத்தில் ஏணி சறுக்கும் என்று கேள்வி. இவள் நடுப்படி ஆளையே, புத்தகத்து எண்களோடு, புள்ளி பிசகாமல் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ஏணி என்று பார்த்ததும் கை தானாக ஓடிவிட்டதாம்.

எனக்கு அந்தப் பேராசிரியை மேல் கோபம். ஒப்பிக்கக் கூடாதென்றால் புத்தகம் எதற்கு? "ஏணி ஏணிதானே. எழுதின கைக்குப் பாதி மார்க்காவது போட்டிருக்கலாம்ல" என்றேன். வந்ததிலிருந்து இப்போதுதான் சிரித்தாள்.

"நீ சொல்லு பாட்டி, எங்கே நின்னா சறுக்கும்?"

"கீழ்ப்படியிலதான். மேலே போனா சுவர் தாங்கிக்கும்ல."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." புத்தகத்தை மூடிவைத்தாள். "இல்ல. நான் நினைக்கவே இல்ல. எழுதினேன், அவ்வளவுதான்."

எழுந்துபோய்ப் பரண் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடத்துச் சுவரில் நன்றாகச் சரித்துச் சாய்த்தாள். ஒரு வாளித் தண்ணீரைக் கீழ்ப்படியில் மாட்டினாள். ஏணி அசையவில்லை. "பாத்தியா, நான் சொன்னது தப்பு" என்று நானே ஒத்துக்கொண்டேன். நடுப்படிக்கு மாற்றினாள், நின்றது. அதற்கு மேல் ஒரு படி, நின்றது. இன்னும் ஒரு படி ஏற்றினாள். ஏணி கால் வழுக்கிப் படாரென்று விழுந்தது. கூடமெல்லாம் வெள்ளம்.

"படிக்க அனுப்பினா வீட்டை இடிக்கிறா" என்று மகன் ஓடிவந்தான். "துடைக்கிறது யாருடி, உன் பாட்டியா?" என்றாள் மருமகள். மிளகு ஈரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேலே போகப் போக ஏணி சுவரைத்தான் அதிகமாத் தள்ளுது. சுவர் திருப்பித் தள்ளுது. தரையால அவ்வளவு பிடிக்க முடியல." தனக்குத்தானே பேசிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை தாள் தாளாக எழுதி எழுதி அடித்தாள். நடக்கவில்லை, ஒப்பிக்கவில்லை. கூடம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பிடிக்க எனக்கு ஒரு புத்தகமும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "நீ என்ன சொல்றே பாட்டி, விடட்டுமா?"

"டீச்சருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ உனக்கு மட்டும் பதில் சொல்லிக்கோ" என்றேன்.

விட்டுவிடுவாள் என்றுதான் தோன்றுகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

விடவில்லை. "இப்பதான் பாட்டி பிடிபட ஆரம்பிக்குது" என்றாள் போனில். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டாம் தேர்வு. முப்பத்தெட்டு. "இந்தத் தடவை தப்பெல்லாம் என்னோடது பாட்டி" என்கிறாள், என்னமோ பரிசு வாங்கினவள் மாதிரி. தப்பில் என்னடி பெருமை என்று கேட்டேன். ஆனால் குரல் நிமிர்ந்திருந்தது.

நவம்பர் 20, வியாழன்

கடைசித் தேர்வு இன்று. காலையிலிருந்து வாசலை மூன்று தடவை பெருக்கிவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. கடைசிக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லாததாம். வகுப்பில் மூன்று பேர்தான் போட்டார்கள். அதில் ஒருத்தி எங்கள் மிளகு. மகன் தெருமுனைக் கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தான், ஏதோ அவன்தான் விடாதே என்று சொன்ன மாதிரி.

செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"எழுபத்திரண்டுதானா? உங்க வீட்ல தொண்ணூறுக்குக் கீழ கிடையாதேம்மா" என்றாள் டீச்சர்.

"தொண்ணூறெல்லாம் புத்தகம் வாங்கினது டீச்சர். இது எங்க மிளகு வாங்கினது."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்து, "உள்ளே வந்து உக்காந்து சொல்லுங்க" என்றாள். பதினொன்றிலிருந்து ஆரம்பித்து, கூடத்தில் வெள்ளம் வந்தது வரை, ஒன்று விடாமல் சொன்னேன்.

டிசம்பர் 6, சனி

மிளகிடம் போனில் சொல்லிவிட்டேன். சுவரில் இருப்பது அவள் ரிப்பன் கட்டிய பள்ளிக்கூடப் படம். அது இனி ஆகாது, புதுசாக ஒன்று எடுத்து அனுப்பவேண்டும். "பட்டம் வாங்கும்போது எடுத்துக்கலாம் பாட்டி" என்கிறாள். அதுவரை எனக்குப் பொறுமை இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்கவேண்டும், கையில் சாக்பீஸ், கணக்கு பாதியில் இருக்கவேண்டும். படம் போனில் வரவேண்டாம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு, மடங்கிடக் கூடாது என்றேன்.