பாதி டாங்கில் நின்றுபோகும் உன் வேன்

என் செல்லக் கழுதையே, தம்பி குணா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். இன்று அழுகை வரவில்லை, உன்னை நாலு வார்த்தை திட்டத்தான் வாய் வருகிறது. வீட்டில் நின்று கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

உன் வேனை நான்தான் ஓட்டுகிறேன். நம்புவாயா? கேண்டீன் வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, உன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் நீ ஏற்றிய அதே பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு, இரண்டாவது பாலத்தைத் தாண்டி, ஏழு மணிக்குள் அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் இறக்குகிறேன். பத்து வருடம் நீ ஓட்டிய ரூட் வேறு யார் கைக்கோ போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வாரமே உன் வேன் தன் குணத்தைக் காட்டியது. பாயா தெருபோங் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. டீசல் முள் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. டீசல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, இஞ்சின் மட்டும் பேச மறுக்கிறது. நான் என்ன செய்வேன்? ஓரமாக நின்று, பின்னால் வந்தவர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பட்டறை வைத்து வண்டி பழுது பார்க்கும் உன் சிநேகிதர் போர்மன் காதர் அண்ணனிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஃபில்டரை மாற்றினார், வேன் ஓடியது. பத்து நாள் கழித்து மறுபடியும் நின்றது. டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் பம்பை மாற்றினார், ஓடியது, நின்றது. இஞ்செக்டர்களைக் கழற்றிக் கழுவினார். அவற்றில் மிஞ்சும் டீசலைத் திருப்பி எடுத்துப் போகும் சின்ன ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போட்டார். "இதோட சரி தங்கச்சி, ரிட்டர்ன் லைன்லதான் காத்து ஏறிக்கிட்டு இருந்துச்சு" என்றார். நானும் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பாலத்து நடுவில் நின்றது. கப்பல் போவதற்காகப் பாலம் உயர்ந்து வளையும் இடம் இருக்கிறதே, அங்கேயேதான். இரண்டு பக்கமும் கடல், காலை வெயில், வேனுக்குள் பதினொரு பெண்கள். ரோந்து வண்டி வந்து இழுத்துப் போகும்வரை ஒருத்தியும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. தொழிற்சாலையில் வண்டிகளைப் பார்க்கும் அதிகாரி மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார், இன்னொரு முறை நின்றால் ரூட்டை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? "குணா இருந்தப்ப ஒரு நாளாச்சும் நின்னுச்சா?" மளிகைக் கடையில் இதே கேள்வி, லிஃப்டில் இதே கேள்வி. காதர் அண்ணனும் ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார். "டீசல் வண்டி வேற மாதிரி லா. பொம்பள கைக்கு இது சரிப்படாது, வித்துரு" என்றார். அன்றைக்கு அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஆனால் குணா, உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தேன். பத்து வருடம் நீ கண்ணும் கருத்துமாக வைத்திருந்த வண்டியை நான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? உன் பக்கத்து சீட்டு செல்வி. தொழிற்சாலையில் சரக்கில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பகுதியில் அவளுக்கு இருபது வருட வேலை. எது கெட்டுப்போனாலும், எப்போது, எங்கே, எந்த நிலையில் என்று எழுதி வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். வேன் நின்ற நாளையெல்லாம் தன் கைபேசியில் குறித்து வைத்திருக்கிறாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஃபுல் டாங்கா இருக்கறப்ப ஒரு தடவகூட நின்னதில்ல. நாலு தடவையும் முள்ளு பாதிக்குக் கீழதான். மேடு ஏறறப்பதான்."

எனக்குச் சுரீர் என்றது. ஒவ்வொரு முறை பழுது பார்த்ததும் வெட்கத்திலும் பயத்திலும் டாங்கை நிரப்பிவிடுவேன். நன்றாக ஓடும், புதிதாகப் போட்ட சாமான்தான் காரணம் என்று நம்புவோம். பிறகு டீசல் குறையும், வேன் நிற்கும். இவ்வளவுதானே! நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் இஞ்சினையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம், டாங்கின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காதர் அண்ணனிடம் போய் அதைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். ஆனாலும் உள்ளே என்ன போகிறது என்று பார்க்க, ஃபில்டருக்கு முன்னால் ஒரு கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயை மாட்டினார். டாங்க் நிறைந்திருந்தபோது டீசல் மட்டும் போனது. பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, மேடு ஏறுவதுபோல முன்சக்கரத்தை மரக்கட்டையில் ஏற்றி ஸ்டார்ட் செய்தார். குமிழ் குமிழாகக் காற்று. வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"டாங்கு மேல ரெண்டு கொழா இருக்கு தங்கச்சி. அடி வரைக்கும் போற நீளக் கொழாயிலதான் இஞ்சின் உறிஞ்சணும். மிஞ்சின டீசல் எண்ண திரும்பி வர்றதுக்கு இன்னொன்னு, அது பாதியோட நின்னுரும். இங்க அதுல மாட்டுற ரப்பர் ஓஸ் ரெண்டும் மாறிக் கெடக்கு. இஞ்சின் குட்டக் கொழாயில உறிஞ்சுது. எண்ண பாதிக்குக் கீழ போயி, மேட்டுல வண்டி சாஞ்சா வெறும் காத்துதான் வரும்."

"யாரு மாத்தினது?"

"நான் கிளிப்பு போடுவேன். இது கம்பி. ரெண்டு சுத்து சுத்தி, முனைய உள்ள மடிச்சு விட்டிருக்கு." பெயர் சொல்லவும் வேண்டியதில்லை. கிளிப்பை நம்பாமல் கம்பி சுற்றுகிறவன் இந்தப் பினாங்கிலேயே ஒருவன்தானே.

முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சிரிப்பு. பட்டறை நடுவில் நின்று, காதர் அண்ணன் பயப்படும் அளவுக்குச் சிரித்தேன். செத்த பிறகு எல்லோரும் உன்னைச் சாமி ஆக்கிவிட்டார்கள், நான் மட்டும் வண்டியைக் கெடுத்தவள். கடைசியில் பார்த்தால் ஐயாவின் கைவரிசை! காதர் அண்ணன் ஓஸ் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். மறுநாள் வேண்டுமென்றே டீசலைக் கால் டாங்கில் வைத்துக்கொண்டு பாலம் ஏறினேன். உயரத்தைத் தாண்டும்வரை எல்லோர் கண்ணும் டீசல் முள்ளின் மேலேயே இருந்தது. தாண்டியதும் பதினொரு பேரும் கைதட்டினார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அன்று மாலை எல்லோரும் இறங்கிய பிறகும் செல்வி இறங்கவில்லை. நான் சும்மா கேட்டேன், உன் கையில் இருந்தபோது மட்டும் வேன் எப்படி நிற்காமல் ஓடியது என்று. "அண்ணே கடைசி வருஷம் தெனமும் ஃபுல் டாங்க் அடிப்பாருக்கா" என்றாள். பிறகு டீசல் முள்ளைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்கு முன்னாடி கொஞ்ச நாளு என்கிட்ட கேப்பாரு, செல்வி, முள்ளு எங்க நிக்குது, சொல்லு பாப்போம்னு. நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்."

விளையாட்டா குணா அது?

உன் கடைசி வருடத்தில் நீ அந்த ஓஸ்களை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவு வந்தது. பகல் பதினொரு மணி. நீ வேனுக்கு அடியிலிருந்து, "அக்கா, ஒண்ணும் தெரியல, டார்ச் புடி" என்று கூப்பிட்டாய். பட்டப்பகலில் துரைக்கு டார்ச் கேட்கிறதா என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறதென்று நான் மேலே போய்விட்டேன். உனக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. அப்பாவின் கண்ணைத் தின்ற அதே சர்க்கரைதான். முள் தெரியவில்லை, அதனால் தினமும் நிரப்பினாய். ஓஸ் எது எங்கே போகிறது என்று தெரியவில்லை, கையால் தடவி மாட்டினாய். நீ தினமும் நிரப்பியதை எல்லோரும் பொறுப்பு என்று பாராட்டினோம்.

மாரடைப்பு உன்னைத் தூக்கத்தில் கொண்டுபோனது. பாலத்தில் கொண்டுபோயிருந்தால்? முள் தெரியாதவனுக்கு முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு எவ்வளவு தெரிந்தது? உன்னை நம்பி ஏறிய பதினொரு பெண்களின் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? ரூட் போய்விடும் என்று பயந்தாயா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வருகிறது, தம்பி. உனக்குக் கண் தெரியாதது என் கண்ணிலும் படவில்லையே என்ற கோபமும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக மழை நாளில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி எனக்கு ஒரு வளையம் தெரிகிறது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, மறைத்தேனா? நானும் அந்த அப்பாவின் பிள்ளைதானே.

நாளை வேன் எடுக்க மாட்டேன். அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டேன், காரணத்தையும் மறைக்கவில்லை. செல்வியும் லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் கூட வருகிறாள். டாக்டர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அந்தப் பதினொரு பேரிடமும் சொல்வேன். ஓட்டக்கூடாது என்றால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவேன், உன் ரூட் யாருக்குப் போனாலும் போகட்டும். இது உன் மேல் சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சர்க்கரையைச் சுமக்கும்,
உன் அக்கா மல்லிகா