புற்று இல்லை என்ற பிறகு

அன்புக் கண்ணுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌகரியமாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை உள்ளதை எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாமென்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், நான் வாயைத் திறந்தால் முறைக்கிறாள்.

வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, வாயுத் தொல்லை என்று நாமும் விட்டுவிட்டோமே, அதற்கு ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. வயிற்று டாக்டர் படத்தைப் பார்த்ததும், புற்றாக இருக்கலாம், வெட்டி எடுத்துவிடலாம் என்றார். ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டரம்மாதான், அவசரப்படாதீங்க, உள்ள கொழுப்பும் ரத்தக் குழாயும் கலந்து தெரியுது, இது அபூர்வமா வர்ற கட்டி, ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம் என்றார். அதற்கு முன்னால் எம்ஆர்ஐ. அந்தக் குகைக்குள் போய்விட்டு வந்தவள், உள்ள ஒரே தடபுடன்னு சத்தம், நீங்க சமையல்கட்டுக்குள்ள போன மாதிரியே இருந்துச்சு என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு என்னைக் கிண்டல் பண்ண வேண்டும்.

ஊசிப் பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன். விட்டது தொல்லை என்று நினைத்தேன். ஆனால் கட்டி பெரிது, உள்ளுக்குள்ளே உடைந்து ரத்தம் கொட்டிவிடக் கூடாது என்று, தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குப் போகிற ரத்த ஓட்டத்தை அடைத்தார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. இதற்குப் பிறகு காய்ச்சல் வருவது சகஜம் என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், இறங்கவேயில்லை. ஒரு மத்தியானம் கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம், என்னைப் பார்த்து யார் நீங்க என்று கேட்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் நான் யாரென்று சொல்ல வேண்டியதாயிற்று. எதிர் வீட்டு டாக்சிக்காரர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார். மறுபடி ஸ்கேன் எடுத்ததில் ரத்தம் நின்றுபோன இடத்தில் சீழ் கட்டியிருந்தது, விலா வழியாகக் குழாய் போட்டு வடித்தார்கள். அதே டாக்டரம்மா வந்து, யாரோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும், அது உங்களுக்கு ஆயிடுச்சு என்றார். அம்மா கண்ணைத் திறக்காமலே, லாட்டரி மட்டும் விழ மாட்டேங்குதே டாக்டர் என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறோம். காய்ச்சல் விட்டுவிட்டது, சீழும் பெரும்பாலும் வற்றிவிட்டது, குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்களாம். குழாயைக் கழுவி, சீழ் வடிகிற பையை மாற்ற நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அம்மா புரண்டு படுத்தால் குழாய் இழுபட்டுவிடுமோ என்று நான் கண் மூடுவதில்லை, நான் தூங்கவில்லையே என்று அவளும் தூங்குவதில்லை. உன்னிடம் மூச்சு விடக் கூடாதாம், பிள்ளை வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்கிறாள்.

அழுதுகொண்டே போன் பண்ணாதே, கண்ணு. அம்மா பிழைத்துக்கொண்டாள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும், லீவு கிடைத்தால் வா. நான் எழுதியதைச் சொல்லாதே, சும்மா வந்தேன் என்று சொல். அவளுக்காகக் கூட இல்லை. நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நான் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன்.

ஆசிகளுடன்,
அப்பா