திருப்பிச் சொல்லும் வட்டம்

சின்னவளின் அப்பாவுக்கு,

இன்றைய கருத்தரங்குக்கு நாற்காலி போட்டுக்கொண்டே எழுதுகிறேன். இரண்டு நாற்காலியை இழுத்துப் போடுவதும் ஒரு வரி எழுதுவதுமாக இருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் கல்லூரியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேலிகூடச் செய்திருக்கிறீர்கள். மாணவர்களும் அக்கம்பக்கத்து ஜனங்களும் வட்டமாக உட்காருவோம். குடிதண்ணீர் பிரச்சினையோ கூலிப் பிரச்சினையோ, எதைப் பேசினாலும் ஒரே விதிதான். முன்னால் பேசியவர் சொன்னதை, அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம்.

போன வாரம் வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிய கூட்டம். ஒரு பஸ் டிரைவர் தன் மனைவி பேசியதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

"அது நான் சொன்னது இல்லங்க, நீங்களா நினைச்சுக்கிட்டது," என்றார் அந்த அம்மா.

டிரைவர் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் அதே பதில். கூடமே சிரித்தது. நான் டீ எடுத்துவரும் சாக்கில் வெளியே போய்விட்டேன்.

நான் உங்களை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டதாக உங்கள் அண்ணனிடம் சொன்னீர்களாம். அவர் வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கேட்பது சின்னவள்தான், நான் இல்லை.

நீங்கள் கிளம்பிய அன்று நான் சொல்ல வந்ததில் பாதிதான் சொன்னேன். அதற்குள் நீங்கள் செருப்பை மாட்டிவிட்டீர்கள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள். என் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. அந்தப் பேச்சை முழுசாகச் சொல்லப்போகிறேன். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். நீங்கள் செருப்பை மாட்டும்போது தடுக்க நான் வாயே திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா