வேறு டிபார்ட்மென்ட்

ஜூலை 3
மூன்றாம் தொட்டியில் இன்றும் நுரை. ஊர் மொத்தமும் எந்த சோப்பைத்தான் கொட்டுகிறதோ! ஆபரேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் வாசலிலேயே நிற்கிறாள். பள்ளியில், அறிவியல் தொழில்நுட்பத்தில் பசுமை வேலைகள் என்று ஒரு நிகழ்ச்சியாம். அவளுடைய ஒன்பதாம் வகுப்புக்குப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிப் படிவத்தில் பெற்றோர் வேலை என்ற இடத்தில் ‘வேதியியலாளர், நீர்’ என்று எழுதியிருந்தேனே, அதை நம்பி.

“அம்மா, சாக்கடைன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. ப்ளீஸ்.”

“சாக்கடை இல்லடி. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

சரி என்றேன். பிள்ளைக்காக.

ஜூலை 9
நாளைக்குப் பேச வேண்டும். “தலைக்கு எத்தன தடவ ஷாம்பு போட்ட?” என்று இவர் கிண்டல் செய்கிறார். கோபம் வந்தது. மூன்று தடவை. தினமும் அப்படித்தான்.

ஜூலை 10
எழுதக் கை வரவில்லை.

எனக்கு முன்னால் சூரிய மின்சக்திப் பொறியாளர் பேசினார். அடுத்து, காற்றாலையில் ஏறிப் பழுது பார்க்கும் பெண், இடுப்பில் கயிறும் கொக்கியுமாக. பிள்ளைகள் விசிலடித்தார்கள். நான் தெளிந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, குடிநீரைச் சோதிக்கிறேன் என்றேன். குடிநீர்! அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

முதல் பெஞ்சில் ஒரு பெண், கனத்த மூக்குக்கண்ணாடி. எழுந்து கேட்டாள்: “ஆன்ட்டி, நாம டாய்லெட்ல ஃப்ளஷ் பண்றதெல்லாம் கடைசில எங்க போகுது? அத சுத்தம் பண்றதும் பசுமை வேலைதானே?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். ஐயோ, நானும் சிரிச்சேனே!

“அது வேற டிபார்ட்மென்ட்மா.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தலை நிமிரவே இல்லை.

வரும் வழியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சூப்பர்மா. யாருக்குமே தெரியல.”

ஜூலை 11
வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13
பிள்ளைக்காகவாம். யாரிடம் கதை விடுகிறேன்? பக்கத்து வீட்டில் கேட்டால் ‘லேப் வேலை’. சொந்தக்காரர்கள் கேட்டால் ‘வாட்டர் டெஸ்டிங்’. மகள் இதைப் பள்ளியிலா கற்றாள்? என் வாயைப் பார்த்துத்தான்.

அந்தக் கண்ணாடிப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அவளா? இப்ப எல்லாரும் அவள ஃப்ளஷ்னுதான் கூப்பிடறாங்க.”

“நீயுமா?”

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 16
மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அறிவியல் ஆசிரியைக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லி, வகுப்பை நிலையத்துக்கு அழைத்துவரச் சொன்னேன். அவர், “ரொம்ப நாத்தமா இருக்குமா மேடம்?” என்றார்.

“இருக்கும்.”

மகளிடம் சொன்னதும் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். “என் மானத்த வாங்கிட்டியேம்மா!” உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். நான் செய்வது சரியா? தெரியல. ஒண்ணும் தெரியல.

ஜூலை 24
பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஆளாளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சொன்னது பொய், என் வேலை இதுதான் என்றேன். கண்ணாடிப் பெண்ணை முன்னால் கூப்பிட்டேன்.

“நீ கேட்டியே, அது வர்ற இடம் இதுதான். அன்னிக்கு நான் சிரிச்சது தப்பும்மா.”

தொட்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். குனிந்தவள் நிமிரவே இல்லை. “இந்தக் குட்டிக் குட்டி உயிருங்கதான் எல்லாத்தையும் சாப்பிடுதா? மழைத்தண்ணி நிறைய வந்தா அடிச்சிட்டுப் போயிடாதா?” போன மழையில் எங்களைத் தூங்கவிடாத கேள்வி அது.

பின்னால் எவனோ குமட்டுவதுபோல் நடித்தான். “எப்பிடித்தான் இங்க இருக்காங்களோ!”

“பத்து நிமிஷத்துல பழகிடும்” என்றது ஒரு குரல். என் மகள். “எங்கம்மா தலைல தினமும் இதே வாசனதான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “அடுத்து நான் பாக்கறேன், தள்ளு.”

இன்று ஒரு தடவைதான் ஷாம்பு போட்டேன்.