காருக்கு வைத்த தகர வால்

வலியசாலை, 2-6-1943

பெட்ரோல் ரேஷன் ஆபீஸில் இன்றும் கையை விரித்துவிட்டார்கள். மாதம் பதினோரு காலன்தான். அம்மாவின் மார்புக் கட்டிக்கு நாகர்கோவில் பக்கத்து ஆஸ்பத்திரியில் வாராவாரம் ரேடியம் வைக்க வேண்டும். போய்வர எண்பது மைல். கார் காலனுக்கு இருபத்து நாலு மைல் ஓடும். மூன்று தடவை போகலாம், நாலாவது? பஸ்ஸில் அம்மாவால் உட்கார முடியாது.

முப்பது மைல் ஓடியாக வேண்டும். ஓட வைக்கிறேன். காற்றுதான் எதிரி.

9-6

அடிப்பக்கம் முழுக்கத் தகரத்தால் மூடியாயிற்று. பின்னால் கூம்பாக ஒரு வால். புகைக்குழாய் துருத்திக்கொண்டிருந்தது, வெட்டி வாலுக்குள் அடக்கிவிட்டேன். பின் ஜன்னல்கள் மூடியே இருக்கும். கை காட்ட, ஓட்டுகிற என் பக்கத்து ஜன்னல் மட்டும் திறப்பு.

தகரம் அடித்த தாசையனுக்குச் சிரிப்பு. "சாரே, இத ரோட்டுல விடணுமா, கொளத்துல விடணுமா?"

18-6

காலனுக்கு முப்பதே கால் மைல்! இரண்டு தரம் அளந்தேன்.

அம்மா வழியெல்லாம் வாந்தி. ஆசாரம் பார்த்து, ஆஸ்பத்திரித் தண்ணீர் பல்லில் படக் கூடாதென்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் வேறென்ன வரும்? கூட வந்த தங்கை சீதா, "எனக்குந்தான் அண்ணா தலையை வலிக்கறது" என்றாள். நடிப்பு. திட்டினேன்.

25-6

கட்டி கரைகிறது என்கிறார் டாக்டர். வீட்டு வாசலில் அம்மாவைத் தூக்கித்தான் இறக்கினோம். அரை மணி நினைவில்லை.

"அந்த மருந்துதான்டா என்னைக் கொல்றது. இனிமே வரமாட்டேன்."

"வராமல் செத்துப் போ!" — கத்தியிருக்கக் கூடாது.

2-7

கெஞ்சி ஏற்றினேன். டிரைவர் வேலாயுதனை ஓட்டச் சொல்லிவிட்டு, அம்மாவைத் தாங்கிக்கொண்டு நானே பின் ஸீட்டில். நெய்யாற்றின்கரையில் தலை கனத்தது. பாறசாலையில் வாந்தி எடுத்தேன்.

எனக்கு யார் ரேடியம் வைத்தார்கள்?

பின் ஸீட்டின் காலடிப் பலகையைப் பெயர்த்தால் அடியெல்லாம் கரி. நான் வெட்டிய குழாயின் புகை, அவள் காலடியில். மூன்று வாரமாக! அங்கேயே தகரத்தைப் பிய்த்தெறிந்தேன். அம்மா நாகர்கோவிலுக்கு வர மறுத்தாள். திரும்பிவிட்டோம்.

3-7

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். சிரிக்கிறாள்.

"போடா, நீ பண்ணினதுல தப்பு வருமா? என்னை அழைச்சிண்டு போறதுக்காகப் பழியை உன் தலைல போட்டுக்கறே."

16-7

ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அம்மாவின் காலைப் பிடித்தேன். அசையவில்லை.

21-10

இனி அழைத்து வந்து பயனில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார்.

அடுத்த வீட்டு வாலாம்பாள் மாமி பார்க்க வந்தாள். அம்மாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. அப்படியும் பேச்சு: "நாகு எனக்காகக் காரையே புதுசாப் பண்ணினான், மாமி. வைத்தியந்தான் எனக்கு ஒத்துக்கலை."

நான் திருத்தவில்லை.